ரிலீஃப் ஆளுக்கு இருபது நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

"இன்றைக்கு நிற்கிற செக்யூரிட்டிக்கு ஒன்றுமே தெரியவில்லை." சிங்கப்பூரின் கொண்டோமினிய வாட்ஸ்அப் குழுக்களில் இந்தக் குறையை யாராவது அடிக்கடி எழுதுவார்கள். குறை பொய்யில்லை. வழக்கமாக நிற்பவர் எம்சி (மருத்துவ விடுப்பு) எடுத்திருப்பார். பாதுகாவல் நிறுவனத்தின் ஆப்ஸ் (ஆபரேஷன்ஸ்) அறையிலிருந்து விடியற்காலை ஐந்தரைக்கு யாரையோ எழுப்பி, "அங்கிள், ஒரு ரிலீஃப் இருக்கு, போறீங்களா?" என்று கேட்டு அனுப்பியிருப்பார்கள். ரிலீஃப் என்றால் வராதவருக்குப் பதிலாக ஒரு நாள் போய் நிற்பது. அப்படி வருபவர் அந்த இடத்தின் கேட்டைப் பார்ப்பதே காலை எட்டு மணிக்குத்தான். எட்டேகாலுக்கு ஒருவர் வந்து, "பிபிக்யூ பிட் (இறைச்சி வாட்டும் அடுப்பிடம்) சாவி எங்கே?" என்பார். தெரியாதுதான்.

பாதுகாவல் தொழிலில் நெடுங்காலம் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஓய்வு பெற்றபின் மாதத்தில் சில நாள் ரிலீஃப் செய்யலாம் என்று நினைப்பவர்களும், குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பவர்களும் படிக்கவேண்டும் என்பது எங்கள் விருப்பம். கடிதம் சற்று நீளம்; பொறுத்தருள்க.

முதலில் தொலைபேசி அழைப்பு. பல இடங்களில் ஒப்பந்தம் இன்னும் தலை எண்ணிக்கையை வைத்துத்தான் எழுதப்படுகிறது. மூன்று பேர் நிற்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர் நின்றால் நிறுவனத்தின் பில்லில் வெட்டு விழும். அரசாங்க அமைப்புகள் 2020 மே 1 முதல் விளைவு அடிப்படையிலான ஒப்பந்தங்களுக்கு, அதாவது எத்தனை பேர் என்று எண்ணாமல் வேலையின் பலனைப் பார்க்கும் ஒப்பந்தங்களுக்கு, மாறிவிட்டன. தனியார் கட்டடங்களில் அந்த மாற்றம் மெதுவாகத்தான் நடக்கிறது. ஆகவே ஆப்ஸ் அறையில் இருப்பவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது உரிமம் உள்ள ஓர் ஆள், அவ்வளவே. அவர் அவசரப்படுவார், நீங்கள் அவசரப்படாதீர்கள். ஒப்புக்கொள்ளும் முன் கேட்கவேண்டியவை கொஞ்சம்தான். முழு முகவரி என்ன, எந்தக் கேட், எத்தனை மணிக்குத் தொடக்கம், தனியாளா அல்லது உடன் ஒருவர் இருப்பாரா, சீருடையை அங்கே தருவார்களா, அன்றைய கூலி எவ்வளவு, எந்தத் தேதியில் கிடைக்கும், சிக்கல் வந்தால் யாரை அழைப்பது. பதில்களை அவரையே குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். "வாங்க அங்கிள், பார்த்துக்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடும் நிறுவனத்துக்குச் சம்பள நாளிலும் அதே குரல்தான் இருக்கும்.

தூரத்தையும் கணக்கில் வையுங்கள். பாசிர் ரிஸ்ஸிலிருந்து துவாஸ் லிங்க் வரை எம்ஆர்டி ரயிலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதன்பின் தொழிற்பேட்டைக்குள் பேருந்து வேறு. ஏழு மணித் தொடக்கம் என்றால் முதல் ரயிலைப் பிடித்தாலும் இழுபறிதான். அப்படிப்பட்ட இடத்தை மறுப்பதில் தவறில்லை. ஒப்புக்கொண்டுவிட்டுத் தாமதமாகப் போவதுதான் தவறு.

உரிமம் இல்லாமல் ஒரு நாள்கூட நிற்கமுடியாது. தனியார் பாதுகாவல் தொழில்துறைச் சட்டப்படி காவல்துறையின் உரிமப் பிரிவு தரும் உரிமம் உங்களுக்கும் வேண்டும், உங்களை அனுப்பும் நிறுவனத்துக்கும் வேண்டும். "என் தம்பிக்கு ஒரு நாள் வேலை இருக்கிறது, அவனுக்குப் பதில் நீ போய் நில்" என்பதெல்லாம் குற்றத்தில் போய் முடியும். பையில் எப்போதும் இருக்கவேண்டியவை: உரிமம், கறுப்புக் கால்சட்டை, கறுப்புக் காலணி, இரண்டு பேனா, கைவிளக்கு, பவர் பேங்க், மழைக்கோட்டு, மருந்து மாத்திரை, மெல்லிய குளிராடை. கட்டுப்பாட்டு அறைகளில் ஏர்கான் எலும்பில் குத்தும். கைப்பேசியைவிடக் குளிராடைதான் அங்கே முக்கியம் என்று தோன்றிவிடும்.

இனி அந்த இருபது நிமிடம். ரிலீஃப் ஆளின் பன்னிரண்டு மணி நேரம் எப்படிப் போகும் என்பது பொறுப்பு மாற்றும் அந்த இருபது நிமிடத்தில் தீர்ந்துவிடுகிறது. அது ஏன் நடப்பதில்லை என்று பாருங்கள். இரவு முழுதும் நின்றவர் எட்டு மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு தயாராக இருப்பார். எட்டு ஐந்துக்கு அவருக்குப் பேருந்து. புதிதாக வருபவர் பின்கேட்டில் சுற்றிவிட்டு எட்டு மணிக்குச் சரியாகவோ எட்டுப் பத்துக்கோ வந்து சேர்வார். முன்னவரின் சம்பளம் எட்டு மணியோடு முடிகிறது, பின்னவருடையது எட்டு மணிக்குத் தொடங்குகிறது. நடுவில் உள்ள இருபது நிமிடத்துக்கு யாரும் காசு தருவதில்லை. அதனால் அது யாருடைய நேரமாகவும் இல்லை. "எல்லாம் ஓகே, சாவி அங்கே, புத்தகம் இங்கே" என்பதோடு முடிந்துபோகிறது.

வருபவர் பதினைந்து நிமிடம் முன்னதாகப் போய், முன்னவரைப் பிடித்துவைத்துக் கேட்கவேண்டிய வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் சாவிப் பெட்டி. பதிவேட்டில் 42 சாவி என்று இருந்தால் 42ஐயும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணவேண்டும். எண்ணாமல் கையெழுத்துப் போட்டால் இல்லாத 17ஆம் எண் சாவி அந்த நிமிடம் முதல் உங்களிடம்தான் தொலைந்தது. அடுத்து வாக்கி டாக்கி: எண்ணிக்கை மட்டும் போதாது, அழுத்திப் பேசிப் பாருங்கள். பிறகு தீ அலாரப் பலகை. பச்சை விளக்கு மட்டும் எரிகிறதா, மஞ்சளோ சிவப்போ ஏதாவது எரிகிறதா? எரிந்தால் எந்த மண்டலம், எப்போதிலிருந்து, யார் துண்டித்து வைத்தது? அதன்பின் அன்றைய நிகழ்வுகள்: யாராவது வீடு மாறுகிறார்களா, எந்த ஒப்பந்தக்காரர் வருகிறார், விருந்து மண்டபம் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது, எந்த மின்தூக்கி பழுது. கடைசியாக, நோயாளியோ முதியவரோ தனியாக இருக்கும் வீடு எது. இதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது எந்தப் புளோக், எந்த மின்தூக்கி என்று தெரிந்திருந்தால் எத்தனை நிமிடம் மிச்சம்!

கேட்டதையெல்லாம் உடனே சம்பவப் புத்தகத்தில் எழுதிவிடவேண்டும். 24 மணி நேர முறையில், பேனாவால், வரிகளுக்கு இடையே வெற்றிடம் விடாமல். பிழை நேர்ந்தால் ஒரே கோட்டில் அடித்துப் பக்கத்தில் சுருக்கொப்பம். வெள்ளை மை கூடாது. புத்தகம் ஆங்கிலத்தில்தான் என்றாலும் அழகான வாக்கியம் யாரும் எதிர்பார்ப்பதில்லை. இப்படி இருந்தால் போதும்: "0745, பணியிடம் வந்தேன். 0805, இரவுப் பணியாளரிடமிருந்து பொறுப்பேற்றேன். சாவி 42இல் 41. எண் 17, பம்ப் அறை, இல்லை. ஒப்பந்தக்காரரிடம் இருப்பதாக இரவுப் பணியாளர் சொன்னார். வாக்கி டாக்கி 3, ஒன்றில் சார்ஜ் நிற்கவில்லை. தீ அலாரப் பலகையில் மண்டலம் 6 துண்டிப்பில் உள்ளது. 0812, ஆப்ஸ் அறைக்குத் தெரிவித்தேன்." ஐந்தாறு வரிதான். மாலையில் யாராவது விரல் நீட்டினால் உங்களுக்காகப் பேசப்போவது இதுதான்.

தீ அலாரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்தே சொல்லவேண்டும். ரிலீஃப் ஆள் மாட்டிக்கொள்ளும் பெரிய இடம் இது. அலாரம் அடித்தால் குடியிருப்பாளர்களின் தொலைபேசிகள் ஒரே நேரத்தில் அலறும். சத்தத்தை நிறுத்தினால் போதும் என்ற பதற்றத்தில் கை நேராக ரீசெட் பொத்தானுக்குப் போகும். அதுதான் பிழை. ரீசெட் செய்துவிட்டால் பல பழைய பலகைகளில் எந்த மண்டலத்தில் அடித்தது என்ற தகவலே மறைந்துவிடும். உண்மையில் நெருப்பு இருந்தால் அதைக் கண்டுபிடிக்க நீங்கள் கட்டடம் முழுவதும் ஓடவேண்டியிருக்கும். முறை இதுதான். மண்டல எண்ணையும் நேரத்தையும் முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பலகையின் உள்சத்தத்தை மட்டும் அடக்குங்கள். உடன் ஒருவர் இருந்தால் வாக்கி டாக்கியும் கைவிளக்குமாக அவரை அந்த மண்டலத்துக்கு அனுப்புங்கள். மின்தூக்கி வேண்டாம், படிக்கட்டு. புகையோ நெருப்போ கண்ணில் பட்டால் உடனே 995. ஒன்றுமில்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்தபின்தான் ரீசெட். காரணத்தையும் தேடுங்கள்: அலாரம் அடிக்க உடைக்கும் கண்ணாடிப் பெட்டி உடைந்திருக்கிறதா, சமையல் புகையா, வீட்டுச் சீரமைப்புத் தூசியா. கண்ணாடி உடைந்திருந்தால் அதை மாற்றும்வரை ரீசெட் நிற்காது. அங்கேதான் அடுத்த பிழை வரும். மறுபடி மறுபடி அடிக்கிறதே என்று மணியையே துண்டித்துவைத்துவிட்டு அதைப் புத்தகத்தில் எழுதாமல் போய்விடுவார்கள். மூன்று நாள் கழித்து உண்மையான தீ வந்தால் அந்தப் பகுதியில் மணி அடிக்காது. துண்டித்தால் தீயணைப்புச் சாதன ஒப்பந்தக்காரரை அழைத்து, நேரத்தை எழுதி, அடுத்து வருபவரிடம் வாயாலும் சொல்லவேண்டும். மேலே காட்டிய மண்டலம் 6 எப்படித் துண்டிப்பில் இருந்தது என்று இப்போது புரியும்.

சில கட்டடங்களின் அலாரம் நேராகக் கண்காணிப்பு நிலையத்துக்குப் போய், நீங்கள் அழைக்காமலே தீயணைப்பு வண்டி புறப்பட்டுவிடும். உங்கள் இடம் அந்த வகையா என்பதைப் பொறுப்பேற்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி வரும் பாதையில் கழற்றக்கூடிய தடுப்புத்தூண் இருந்தால் அதன் சாவி எது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். 42 சாவிகளில் அவசரத்துக்குத் தேவைப்படுவது ஏழெட்டுத்தான். அவற்றுக்குச் சிவப்பு நாடா கட்டிவைத்திருக்கும் இடங்கள் உண்டு. எந்தச் செலவும் இல்லாத ஏற்பாடு, எல்லா இடத்திலும் ஏன் இல்லை என்பது எங்களுக்குப் புரியாத புதிர்.

மின்தூக்கியில் ஆள் சிக்கினால் கதவை நெம்பாதீர்கள், நெம்பவும் விடாதீர்கள். உள்ளே எத்தனை பேர், யாருக்காவது மூச்சுத் திணறலா நெஞ்சுவலியா, எந்த எண் மின்தூக்கி என்று கேட்டுப் பராமரிப்பு நிறுவனத்தை அழையுங்கள். உடல்நலக் கோளாறு என்றால் 995. பிறகு இன்டர்காமை விட்டு நகராமல் பேசிக்கொண்டே இருங்கள். ரிலீஃப் ஆளுக்கு இங்கே வரும் சிக்கல் வேறு: இன்டர்காம் எங்கே ஒலிக்கிறது என்பதே தெரியாது. சில இடங்களில் அது காவல் அறையில் இல்லாமல் நிர்வாக அலுவலகத்தில் இருக்கும், அலுவலகமோ ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருக்கும்.

அடித்தளத்துக் கழிவுநீர் பம்ப்பின் அலாரத்தை மட்டும் யாரும் மதிப்பதில்லை. கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். சத்தத்தை நிறுத்தும் சுவிட்ச் ஒன்று இருக்கும், அழுத்தினால் அடங்கிவிடும். தொட்டியில் நீர்மட்டம் உயர்ந்துவிட்டது, பம்ப் இழுக்கவில்லை என்பதுதான் அந்தச் சத்தத்தின் பொருள். அடக்கிவிட்டு உட்கார்ந்தால் விடிவதற்குள் கார் நிறுத்துமிடத்தில் என்ன மிதக்கும் என்று எழுதத் தேவையில்லை.

வருகையாளர் பதிவில் பழைய பழக்கம் இன்னும் ஓடுகிறது: அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் கொடுப்பது. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் நிறுவனங்கள் அடையாள அட்டையைப் பிடித்துவைக்கக் கூடாது. எண் முழுவதையும் காரணமின்றி எழுதிவைக்கவும் கூடாது. அட்டையைப் பார்த்து ஆளைச் சரிபார்க்கலாம். பதிவுக்குப் பெயர், வாகன எண், போகும் வீடு, தேவையானால் அடையாள எண்ணின் கடைசி மூன்று இலக்கமும் எழுத்தும். "இங்கே எப்போதும் இப்படித்தான்" என்று முன்னவர் சொன்னாலும், புகார் வந்தால் அன்று நின்றவர் பெயர்தான் முதலில் வரும்.

தவறாக நிறுத்திய காருக்குப் போடும் சக்கரப் பூட்டைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. ரிலீஃபுக்குப் போன இடத்தில் உங்கள் சொந்த முடிவில் யாருடைய காருக்கும் பூட்டுப் போடாதீர்கள். மேற்பார்வையாளர் எழுத்தில் சொன்னால் மட்டும், எச்சரிக்கைப் பலகையும் காரும் ஒரே படத்தில் விழும்படி முதலில் புகைப்படம் எடுத்துவிட்டு. அந்தக் கார் நிர்வாகக் குழுத் தலைவரின் மாப்பிள்ளையுடையதாகத்தான் இருக்கும்.

ரோந்து. இப்போது பெரும்பாலான இடங்களில் சுவரில் ஒட்டிய சில்லையோ கியூஆர் குறியையோ கைப்பேசியால் தொட்டுப் பதியவேண்டும். முதல் சுற்றைப் பகல் வெளிச்சத்தில், முடிந்தால் பழைய ஆள் ஒருவரோடு நடந்துவிடுங்கள். இரவு இரண்டு மணிக்கு எட்டாவது குறி எங்கே என்று தேடினால் அரைமணி நேரம் போய்விடும். பணியிடக் கைப்பேசியின் சார்ஜ் 20 விழுக்காட்டில் கைக்கு வரும், பவர் பேங்க் அதற்குத்தான். கியூஆர் குறிகளைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு காவல் அறையில் உட்கார்ந்தபடியே பதியும் தந்திரமும் நடக்கத்தான் செய்கிறது. பிடிபடுவது எளிது: பத்து மாடி, இரண்டு அடித்தளம், நீச்சல் குளம் எல்லாம் நான்கு நிமிடத்தில் முடிந்திருக்கும். பின்கேட்டில் திருட்டு நடந்த இரவன்று அது பிடிபட்டால் வேலையோடு போகாது, உரிமத்துக்கும் ஆபத்து.

சம்பளத்துக்கு வருவோம். படிப்படியாக உயரும் சம்பள முறை பாதுகாவல் துறையில் 2016 செப்டம்பர் 1 முதல் நிறுவன உரிமத்தின் நிபந்தனை. முழுநேரப் பாதுகாவல் அதிகாரி ஒருவரின் குறைந்தபட்ச மொத்த மாதச் சம்பளம் 2024இல் 2,650 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), 2025இல் 2,870, 2026இல் 3,090. 2028இல் 3,530 ஆகும். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் பகுதிநேரமாகச் செய்தாலும் இந்த முறை பொருந்தும். வாரத்துக்கு 44 மணி நேரம், மாதத்துக்குக் கூடுதல் நேரம் 72 மணிக்கு மிகாமல் என்று வைத்துப் பார்த்தால் முழுநேரத்தாருக்கு மாதம் ஏறத்தாழ 262 மணி நேரம் வரும். 3,090ஐ அதனால் வகுத்தால் மணிக்கு 11 வெள்ளி 80 காசு சுமாருக்கு. இது எங்கள் மனக்கணக்கு. பகுதிநேரத்தாருக்கான மணிக்கூலியை மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். பன்னிரண்டு மணி நேரத்துக்கு எண்பது, தொண்ணூறு என்று கையில் திணிக்கும் நிறுவனம் உங்களை ஏமாற்றுகிறது என்று புரிந்துகொள்ள மனக்கணக்கே போதும். இரவென்றாலும் பகலென்றாலும், "ரிலீஃபுக்கு வேறு ரேட்" என்ற பேச்சுக்கு இதைவிடக் குறைந்த ரேட் என்ற பொருள் கிடையாது.

சாப்பாட்டு நேரத்தையும் கேளுங்கள். கூலி 12 மணி நேரத்துக்கா, ஒரு மணி நேரம் கழித்து 11க்கா? வேலை நியமனச் சட்டப்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் இடைவேளையின்றி வேலை வாங்கக் கூடாது. விடாமல் செய்யவேண்டிய வேலை என்றால் எட்டு மணி நேரம்வரை போகலாம், ஆனால் சாப்பிடக் குறைந்தது 45 நிமிடம் தரவேண்டும். தனியாள் நிற்கும் இடத்தில் ரொட்டி பிராட்டாவைச் சன்னலுக்குப் பின்னால் பிய்த்துத் தின்றபடியே தடுப்புக்கட்டையைத் தூக்குவதை இடைவேளை என்று எழுதிக் காசைக் கழிப்பது எங்கள் கணக்கில் அநியாயம்.

மத்திய சேமநிதியில் (சிபிஎஃப்) நடக்கும் குழப்பம் ரிலீஃப் ஆட்களுக்கே உரியது. ஒரு நிறுவனத்தில் ஒரு மாதத்தில் 50 வெள்ளிக்கு மேல் சம்பாதித்தாலே முதலாளி தன் பங்கைக் கட்டவேண்டும். உங்கள் பங்கைப் பிடிப்பது அந்த மாதச் சம்பளம் 500 வெள்ளியைத் தாண்டினால்தான். அதாவது ஒரே ஒரு நாள் நின்று 130 வெள்ளி வாங்கினால் அதிலிருந்து உங்கள் பங்கு என்று எதுவும் கழியக் கூடாது. ஆனால் முதலாளி பங்கு உங்கள் கணக்கில் ஏறியிருக்கவேண்டும். நடப்பதோ பல நேரம் தலைகீழ்: கையில் கொடுக்கும்போது "சிபிஎஃப் போக" என்று கழிப்பார்கள், கணக்கைத் திறந்து பார்த்தால் ஒன்றும் ஏறியிருக்காது. அடுத்த மாத நடுவில் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள்.

வகைவாரியான சம்பளச் சீட்டு 2016 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் வரவேண்டும், கூடுதல் நேரத்துக்கு 14 நாள். வாக்கி டாக்கி தொலைந்தது என்று மொத்தக் கூலியையும் பிடித்துவிடுவதும் முடியாது. விசாரித்து, உங்கள் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்து, தவறு உங்களுடையது என்று தெரிந்தபின்தான் பிடிக்கலாம். அதுவும் ஒரு மாதச் சம்பளத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. சாவியையும் வாக்கி டாக்கியையும் எண்ணிக் கையெழுத்துப் போடச் சொன்னது இதற்கும்தான். காசு வரவில்லை என்றால், சம்பளச் சச்சரவுகளைக் கவனிக்கும் முத்தரப்புச் சச்சரவு நிர்வாகக் கூட்டணிக்குப் போகலாம். வேலையை விட்டபின் ஆறு மாதத்துக்குள் போகவேண்டும். ஒரு நாள் வேலை, நூறு சொச்சம் வெள்ளி, விட்டுத்தொலை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். அதை நம்பித்தான் சிலர் தொழில் நடத்துகிறார்கள். குறுஞ்செய்தி, சம்பவப் புத்தகத்தில் உங்கள் வரியின் புகைப்படம், வங்கிக் கணக்கு, இந்த மூன்றும் இருந்தால் வழக்கு பலமாக இருக்கும். ஆனால் புத்தகத்தைப் படம் எடுக்கும்போது உங்கள் பதிவை மட்டும் எடுங்கள். குடியிருப்பாளர் விவரம் விழக் கூடாது.

இரட்டை ஷிஃப்ட் பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை உண்டு. பகலில் ஒரு நிறுவனம், இரவில் வேறொரு நிறுவனம் என்று ஓடுபவர்களை நாங்கள் அறிவோம். ஒரு முதலாளியிடம் ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் சொல்லும். இரண்டாவது நிறுவனம் கேட்காது, ஆளும் சொல்லமாட்டார். வீட்டு நிலைமை எங்களுக்கும் தெரியும். ஆனால் அதிகாலை மூன்று மணிக்கு அலாரப் பலகையின் முன் கண் செருகினால் முன்சொன்ன எந்த முறையும் உதவாது.

மாலையில் உங்களை விடுவிக்க ஆள் வராமல் போவதும் வழக்கம். இடத்தை விட்டுப் போய்விடாதீர்கள். காத்துக்கொண்டு சும்மாவும் இருக்காதீர்கள். முடிவு நேரத்துக்கு அரைமணி முன்பே ஆப்ஸ் அறைக்கு அழைத்து, வருபவர் எங்கே இருக்கிறார் என்று கேளுங்கள். பதிலை நேரத்தோடு எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மறுபடி. ஆள் வந்தபின் நீங்கள் நின்ற கூடுதல் நேரத்தை அவருடைய கையெழுத்தோடு புத்தகத்தில் முடியுங்கள். அவசரத்தில் இதை விட்டுவிட்டால் அந்த நேரத்துக்குக் கூலி கேட்கும்போது சாட்சி இருக்காது.

நிர்வாகக் குழுவினரிடமும் கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டுகளிடமும் நாங்கள் கேட்பது இரண்டு. ஒன்று, பொறுப்பு மாற்றும் இருபது நிமிடத்தை ஒப்பந்தத்திலேயே சம்பள நேரமாகச் சேருங்கள். மேற்சொன்ன மணிக்கணக்கில் ஒருவருக்கு நான்கு வெள்ளி, போகிறவருக்கும் வருகிறவருக்கும் சேர்த்து எட்டு வெள்ளி. மாதக் கட்டணத்தில் உங்கள் தோட்டக்காரர் வெட்டும் புல்லுக்கு ஆகும் செலவைப் பார்த்தால் இது கண்ணிலேயே படாது. இரண்டு, காவல் அறைக் கதவின் உட்புறத்தில் ஓர் ஏ4 தாளை ஒட்டிவையுங்கள். அதில் இடத்தின் வரைபடம். அலாரப் பலகை, பம்ப் அறை, மின்தூக்கி இன்டர்காம், தடுப்புத்தூண் இருக்கும் இடங்கள். தீயணைப்பு, மின்தூக்கி, பம்ப் ஒப்பந்தக்காரர்களின் இரவு எண்கள். அவசரச் சாவிகளின் எண். ரோந்துக் குறிகள் வரிசைப்படி. யாரை எப்போது எழுப்பலாம் என்று. தேதி போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பழைய தாளில் இருக்கும் மின்தூக்கி நிறுவனத்தின் எண் இரண்டு ஆண்டுக்கு முன்பே வேறு யாருக்கோ போயிருக்கும். நள்ளிரவில் அவரை எழுப்பி ஏச்சு வாங்கும் ரிலீஃப் ஆட்கள் உண்டு.

பிபிக்யூ பிட் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பாதுகாவல் பணியில் உள்ள சிலர்,
சிங்கப்பூர்